அம்மா ஏறாத கார்

டாப் இல்லாத கார் ஓட்டுகிறவனைப் பற்றி அந்தக் காலத்து மதுரையில் யாரும் யோசித்து அபிப்பிராயம் சொன்னதில்லை. அபிப்பிராயம் முன்கூட்டியே தயாராக இருந்தது. கார் கண்ணில் பட வேண்டியதுதான் பாக்கி. சினிமாவில் அப்படிப்பட்ட காரில் வருகிறவன் ஒன்று பாட்டுப் பாடுவான், இல்லையென்றால் ஒரு பெண்ணைக் கெடுப்பான். பெரும்பாலும் முதலில் பாடிவிட்டு அப்புறம் கெடுப்பான். நிஜத்தில் அதில் உட்கார இரண்டு பேருக்குத்தான் அனுமதி இருந்தது. ஒருவர் தேர்தலில் ஜெயித்தவர். இன்னொருவர், கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஊர்வலம் வருகிற மாப்பிள்ளை. இவர்கள் தவிர வேறு எவன் அதில் போனாலும் அவனுக்கு மைனர் என்று பெயர்.

என் அப்பா அப்படி மைனர் ஆனவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நகரத்துக்குள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் குடையுமாகத் தலையைக் குனிந்தபடி நடந்து போய், தலையைக் குனிந்தபடி திரும்பி வருகிற மனிதர். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் அவர் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் சாயம் போன ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டே கதவு. மேலே கூரை கிடையாது. மடக்கி விரிக்கிற கான்வாஸ் ஒன்று பின்னால் இருந்தது, அதுவும் கிழிந்து தொங்கியது. ஒரு மில் முதலாளியின் மகன் ஓட்டித் தள்ளிவிட்டு, ஓடாமல் ஷெட்டில் போட்டிருந்த வண்டி. பழைய இரும்புக்குப் போக இருந்ததை அப்பா கேட்டு வாங்கி, ஒரு மெக்கானிக்கின் பின்னாலேயே அலைந்து ஓட வைத்திருந்தார். அந்த மில் முதலாளி மகன் அசல் மைனர். அதனால் காரோடு சேர்த்து அந்தப் பட்டமும் அப்பாவுக்குக் கைமாறிவிட்டது.

அப்பா ஏன் அதை வாங்கினார் என்பது அப்பா, அம்மா, அக்கா, நான் என வீட்டில் எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்கு பஸ் ஆகாது. டீசல் வாடை மூக்கில் பட்டாலே குமட்டும். வில்லாபுரத்தில் ஏறினால் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் வாந்தி. ரயில் அதற்கும் மேல், கரிப்புகை பட்டதும் அம்மாவுக்குத் தலை நிற்காது. வாடகைக் காரில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தோம், டிரைவர் எங்களைத் தெற்கு வாசலிலேயே இறக்கிவிட்டுக் கை எடுத்துக் கும்பிட்டார். குதிரை வண்டி ஒன்றில் மட்டும் அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது. காற்று முகத்தில் அடித்தால் போதும் என்பது அதில்தான் தெரிந்தது. ஆனால் அம்மா பிறந்த ஊர் சோழவந்தான். அம்புட்டு தூரம் எந்தக் குதிரை வண்டிக்காரரும் வர மாட்டார்.

அம்மா கடைசியாக சோழவந்தானுக்குப் போனது தன் அப்பா செத்ததற்கு. பஸ்ஸில்தான் போனோம், வேறு வழி இல்லை. போய் இறங்கியபோது அம்மாவைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். எடுக்கிற வரைக்கும் அம்மா எழுந்திருக்கவில்லை. துக்கத்தில் மயங்கிவிட்டாள் பாவம் என்று வந்திருந்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அம்மாவுக்கு அது இல்லை என்று தெரியும். "எங்கய்யாவுக்கு ஒரு பாட்டம் அழுகல நானு. அழுக வேண்டிய நேரத்துல வாந்தி எடுத்துக்கிட்டு கெடந்தேன்" என்று அதன் பிறகு பல தடவை சொல்லியிருக்கிறாள். அதோடு அம்மா ஊருக்குப் போவது நின்றுவிட்டது. சோழவந்தானில் மாமா வெற்றிலைக் கொடிக்காலைப் போட்டுவிட்டு வர முடியாதவர். வருஷத்தில் எப்போதாவது ஒரு கட்டு வெற்றிலையோடு வந்து, அம்மாவைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார். அவர் போனதும் அம்மா அந்த வெற்றிலைக் கட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அப்பா அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். குதிரை வண்டியைப் போலக் காற்று வருகிற கார் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத்தான் தோன்றியது.

கார் வந்த அன்று அம்மா புதுச் சேலை கட்டி, ஒரு பையும் எலுமிச்சம்பழமுமாகத் தயாராகத்தான் வாசலுக்கு வந்தாள். அப்பா ஹாரனை அடித்தார். அதுதான் வினையாகப் போயிற்று. தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "என்ன மதினி, ஜோடியா ஊர்வலமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா ஒரு காலைப் படியில் வைத்தவள் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு எதிர்வீட்டு அக்காவைப் பிடித்துக் காரில் கட்டி ஊரைச் சுற்றி வந்திருப்பேன்.

"வயசுப் பொண்ணுகள வீட்டுல வச்சுக்கிட்டு நான் புருசன் பக்கத்துல டாப்பு இல்லாத கார்ல உக்காந்து போனா ஊரு சிரிக்காதா?" என்றாள் அம்மா. "மூத்தவளக் கட்டிக் குடுத்துட்டு ஏறுறேன்."

"உனக்காகத்தான் வாங்கினேன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றார் அப்பா.

"சொல்லிராதீக. ஆத்தாளுக்கு மயக்க வியாதின்னு கத கட்டிவிட்ருவாக. அப்பறம் இவ கழுத்துல தாலி ஏறாது."

அக்காவுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. சீக்காளி அம்மா என்றால் பெண்ணை எடுக்க யோசிப்பார்கள். மைனர் அப்பா என்றாலும் யோசிப்பார்கள்தான், ஆனால் கொஞ்சம் சிரித்துக்கொண்டே யோசிப்பார்கள். அப்பா அந்த இரண்டில் தன் பங்கை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

வண்டியைச் சும்மா போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதனால் அப்பா பள்ளிக்கூடத்துக்கு அதில் போக ஆரம்பித்தார், தன்னந்தனியாக. பக்கத்து சீட் காலி. ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த சீட்டில் எவள் உட்காருகிறாள் என்று டீக்கடையில் தினமும் ஒரு கதை கிளம்பியது. தூசி கண்ணில் விழுகிறது என்று டாக்டர் சொல்லி அப்பா பச்சைக் கண்ணாடி போட்டார், ஸ்டைல் என்றார்கள். சளி பிடிக்காமல் இருக்கக் கழுத்தில் மப்ளர் சுற்றினார், சினிமாக்காரன் மாதிரி என்றார்கள். சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போகிற வேகத்தில்தான் அவர் ஓட்டினார், பொம்பளைகளைப் பார்ப்பதற்குத்தான் அப்படி ஓட்டுகிறார் என்றார்கள். ஒருமுறை அவனியாபுரம் பக்கம் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் மண்டியிட்டு அவர் தலைக்குக் கறுப்புக் குடை பிடித்தபடி ஊருக்குள் வந்தோம். அதைப் பார்த்த பிறகாவது இவர் மைனர் இல்லை என்று புரிந்திருக்க வேண்டும். யாருக்கும் புரியவில்லை.

இதே ஆட்கள்தான், வீட்டில் கல்யாணம் என்றால் தாம்பூலத் தட்டோடு வந்து நிற்பார்கள். "சார், மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க காரு வேணும்." அப்பாவுக்கு முடியாது என்று சொல்லத் தெரியாது. ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுக்கவும் மனம் வராது. அதனால் அவரே ஓட்டுவார். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் தலையில் விளக்குகளோடு ஆட்கள், பின் சீட்டில் கோட்டு போட்ட மாப்பிள்ளையும் அவன் மேல் ஏறி உட்கார்ந்த அரை டஜன் பிள்ளைகளும். முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு துண்டால் சீட்டில் கிடக்கும் மல்லிகைப்பூவைத் தட்டிவிடுவார். முன் சீட்டைத் தனியாகத் துடைப்பார். அதில் யாரையும் அவர் உட்கார வைப்பதில்லை. என்னைக்கூட அந்த மழை நாளில்தான் ஏற்றினார்.

அக்காவுக்கு நல்ல இடம் ஒன்று அமைந்தது. திருவாதவூர்க் குடும்பம், விவசாயம், பையன் தூத்துக்குடியில் பாங்க் வேலை. கோயிலில் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் வைத்துப் பையன் அக்காவைப் பார்த்தாயிற்று, பிடித்துப் போயிற்று. அக்காவுக்கும் பிடித்துவிட்டது என்பது அன்று முழுக்க அவள் என்னோடு சண்டை போடாததில் தெரிந்தது. பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பாவும் அம்மாவும் தரகரோடு வீட்டுக்கு வந்தார்கள்.

வரும்போதே அந்த அம்மாளின் முகம் வெளுத்திருந்தது. வலது கையை மூடிக்கொண்டே இருந்தார். கேசரியைத் தொடவில்லை, காப்பியைத் தள்ளி வைத்தார். "பிடிக்கலையோ?" என்று அடுக்களையில் அக்கா என் காதில் கிசுகிசுத்தாள். அம்மா மட்டும் கதவோரம் நின்று அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையனின் அப்பா துண்டைத் தோளில் சரி செய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "வாத்தியாரய்யா, பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. செய்முறையெல்லாம் உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணுதேன். வாசல்ல நிக்கிற அந்த வண்டி. எங்க ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாக. சம்மந்தி மைனராமுல்லன்னு ஏங்காது படவே கேக்குறாக. நிச்சயத்துக்கு முன்னாடி அத வித்துருங்க."

"சரிங்க, வித்துர்றேன்" என்றார் அப்பா.

ஒரு மூச்சுகூட இடைவெளி விடவில்லை. அவ்வளவு நாள் அந்த மனிதர் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்செல்லாம் எதற்காக என்று எனக்குக் கேட்க வேண்டும் போலிருந்தது. நான் ஏதாவது வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்திருப்பேன். ஆனால் எனக்கு முன்னால் அம்மா அடுக்களையை விட்டு வெளியே வந்துவிட்டாள். பெரியவர்கள் பேசுகிற இடத்துக்கு, கேட்காமல், ஈரக் கையோடு.

"அது அவுகளுக்கு வாங்குனது இல்லண்ணே. எனக்கு வாங்குனது" என்றாள். "எனக்கு பஸ்ஸு ஆகாது. ஏறுனாலே கொமட்டும், வாந்தி எடுத்து மயங்கிருவேன். பெறந்த ஊருக்குப் போயே பல வருசம் ஆச்சு. காத்தாடப் போனா ஒண்ணும் செய்யாதுன்னு அவுக தேடிப் பிடிச்சு வாங்குனாக. வெளிய சொல்லக்கூடாதுன்னு நாந்தேன் தடுத்தேன். அதுக்குத்தேன் இம்புட்டுப் பேரு வாங்கிக்கிட்டாக."

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா அடுக்களைக் கதவைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

பையனின் அப்பா மெதுவாகக் கேட்டார். "சீக்கா?"

அப்போது அவர் மனைவி மூடியிருந்த கையைத் திறந்தார். உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம், நசுங்கிக் கன்றிப்போய் இருந்தது. "அது சீக்குன்னா எனக்கும் அதே சீக்குத்தேன்" என்றார். "இப்பக்கூட இவுக தெரு முக்குல எறங்கி வாந்தி எடுத்துட்டுத்தேன் வந்தேன். நீங்க தரகரோட பேசிக்கிட்டு முன்னாடி போய்ட்டீக."

"பித்தம்னுல்ல சொல்லுவ எப்பயும்?"

"நீங்க பித்தம்னீக, நானும் பித்தம்னேன்."

அவர் மனைவியையும் எலுமிச்சம்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை வருஷமாக மனைவியை பஸ்ஸில் ஏற்றி இறக்கியும் தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்பது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. சட்டென்று அவர் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

அந்த அம்மாள் என் அம்மாவிடம் ஆசையாகக் கேட்டார். "ஏ மதினி, அந்த வண்டியில போனா மெய்யாவே கொமட்டாதா?"

"தெரியலையே மதினி" என்றாள் அம்மா. "நான் இன்னும் ஏறவே இல்ல."

அப்பா எங்கோ சுவரைப் பார்த்தார். பையனின் அப்பா அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அந்த அம்மாள்தான் எழுந்து, "நான் திரும்பிப் போறப்ப பஸ்ஸுல ஏற மாட்டேன். வெட்டிப் போட்டாலும் ஏற மாட்டேன்" என்று தீர்மானமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மாளை ஆம்பளைகளோடு மட்டும் காரில் அனுப்பக் கூடாது, துணைக்கு வீட்டுப் பெண் போக வேண்டும். அது முறை. அந்த முறைதான் கடைசியில் அம்மாவைக் காரில் ஏற்றியது. அப்பா முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தாள், வாயைத் திறக்கவும் செய்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். பின்னால் அவர்கள் இருவரோடு என்னையும் திணித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்காவையே அக்காவுக்குத் துணை வைத்துவிட்டு, தரகரை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

தெப்பக்குளம் தாண்டுகிற வரைக்கும் அம்மா கதவை இறுகப் பிடித்திருந்தாள். எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அப்பா ரோட்டைப் பார்த்ததைவிட அம்மாவைப் பார்த்ததுதான் அதிகம். ஒத்தக்கடையில் ஒரு லாரி புகையைக் கக்கிக்கொண்டு எதிரே வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். லாரி போயிற்று, புகையும் போயிற்று, வயல் காற்று வந்தது. ஆனைமலை பக்கத்தில் வந்தபோது அம்மா கண்ணைத் திறந்தாள்.

"என்ன செய்யுது?" என்றார் அப்பா.

"பசிக்குது" என்றாள் அம்மா.

பயணத்தில் அம்மாவுக்குப் பசித்தது அதுதான் முதல் தடவை. அப்பா சிரித்த சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது. பின்னால் சம்பந்தியம்மாள் காற்றில் பறக்கிற முந்தானையைப் பிடிக்காமல் விட்டுவிட்டு வயலை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கணவர்தான் பாவம். ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு சீட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

திருவாதவூருக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். "மாப்ள காரு! மாப்ள காரு!" அந்த ஊரில் டாப் இல்லாத கார் வந்தால் அதில் மாப்பிள்ளை இருந்தே ஆக வேண்டும். அவர்கள் வீட்டு வாசலில் நின்றதும் சம்பந்தியின் தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். தலையில் துண்டோடு ஒரு ஆணும் பக்கத்தில் முந்தானையை முகத்தோடு இழுத்துக்கொண்ட ஒரு பெண்ணுமாகப் பின் சீட்டில் இருப்பதைத்தான் கண்டாள். பையன் யாரிடமும் சொல்லாமல் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று முடிவே செய்துவிட்டாள். "அடியாத்தே, எறங்கிறாதீக!" என்று உள்ளே ஓடினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். பின்னால் தெருப் பெண்கள் குலவை போட்டார்கள்.

சம்பந்தி துண்டை விலக்கினார். "ஏ கழுத, நாந்தேன்!"

தம்பி மனைவி தட்டோடு சிலையாக நின்றுவிட்டாள். தெருவே சிரித்தது. திட்ட வாயெடுத்த சம்பந்தி, பக்கத்தில் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளின் முகம் வெளுத்திருக்கவில்லை. வெட்கத்தில் சிவந்திருந்தது. "கரைச்சது கரைச்சுட்ட, சுத்திவிடு" என்று சம்பந்தி தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினார்.

இறங்கியதும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வித்துராதீக சம்மந்தி. எம்மகன் மாப்ள அழைப்புக்கு இதுலதேன் வரணும்." அதுவரை அவர் அப்பாவை வாத்தியாரய்யா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கோரிப்பாளையத்தில் அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். பாலத்துப் பக்கம் திரும்பினால் வில்லாபுரம். அந்தப் பக்கம் திரும்பாமல் செல்லூர் வழியாகப் போனால் சமயநல்லூர், அப்புறம் சோழவந்தான். அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி காத்திருந்தார்.

"மூத்தவ சோறு வடிச்சு வச்சிருப்பா" என்றாள் அம்மா.

"ஆமா."

"ஆறுனா ஆறட்டும். நீங்க நேராப் போங்க."

சோழவந்தானில் கொடிக்கால்களுக்கு நடுவே வெற்றிலை வாசம் வந்ததும் அம்மா எலுமிச்சம்பழத்தை வெளியே போட்டுவிட்டாள். மாமா வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றவர், குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கையையும் பிடிக்காமல் அம்மா இறங்கினாள். நேராக உள்ளே நடந்தாள். முன்பு அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்த அதே கூடத்தில் போய் நின்றாள். சுவரில் அவள் அப்பாவின் படம் இருந்தது. "எய்யா" என்று கூப்பிட்டாள். பிறகு, எந்த மயக்கமும் இல்லாமல், நின்ற இடத்தில் நின்று, அந்தப் பாக்கி அழுகையை முழுசாக அழுதாள்.

நான் வெளியே வந்தேன். அப்பா கழுத்திலிருந்த மப்ளரை எடுத்து முன் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.